கூழ் வரட்டும், முதலில் குளத்தைத் தூர் வாருங்கள்!



ரப்பர் ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யத் தாவரக் கூழ் வரப்போகிறது, அதுவரை பொறுங்கள் என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

விஞ்ஞானத்தை நாம் வெறுப்பவர்களல்லர். ஹைட்ரோஜெல் என்பது நீரைக் குடித்து ஊதி நிற்கும், ஆனால் கரையாத கூழ். வெண்டைக்காயின் வழவழப்பு, புளியங்கொட்டைப் பசை, மரவள்ளி மாவு ஆகியவற்றைக் கொண்டு அதைச் செய்யலாம். நம் நாட்டு ஆய்வாளர்கள் எண்ணெய்ப்பனை வெறுங்குலையின் நாரிலிருந்தும் செய்திருக்கிறார்கள். ஈயம், செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களும் சில சாயங்களும் அதில் ஒட்டிக்கொள்ளும். நல்ல கண்டுபிடிப்புத்தான்.

ஆனால் நம் ஆலைச் சாக்கடையில் ஓடுவது என்ன? பாலை உறைய வைத்த ஆசிட், பால் கெடாமலிருக்க ஊற்றிய அமோனியா, பாலோடு வந்த புரதமும் சர்க்கரையும். இவை ஆற்றில் சேர்ந்தால், நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். மீன் செத்து மிதக்கும். அவற்றை ஆற்றுக்கு வெளியிலேயே தீர்ப்பது கழிவுக் குளங்களின் வேலை. பாலைச் செறிவாக்கும் ஆலைகளில் சேர்க்கப்படும் துத்தநாகத்தைப் பிடிக்கக் கூழ் உதவலாம். ஆகவே அது குளத்துக்குத் துணை, மாற்று அல்ல.

மேலும், கூழுக்கும் வயிறு நிறையும். நிறைந்தபின் ஆசிட்டில் கழுவ வேண்டும். கழுவிய நீரில் பிடித்த நஞ்செல்லாம் இருக்கும். அந்த வாளியைத் தூக்கப்போவது யார்? மானேஜரா? நம் ஆள்தான்!

சட்டம் புதிதல்ல. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கென்றே விதிகள் வந்தன. கூழ் வரும்வரை ஆற்றைக் கெடுக்கலாம் என்று அவற்றில் எழுதவில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம்கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. கொட்டியவன் ஒருவன், மூச்சுத் திணறியது பிள்ளைகள்!

40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு இருக்க வேண்டுமென்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே நம் பிரதிநிதி மூன்று கேள்விகள் கேட்கட்டும். குளத்தைக் கடைசியாகத் தூர் வாரியது எப்போது? வெளியேறும் நீரின் பரிசோதனைத் தாள் எங்கே? கழிவைக் கையாள்பவனுக்குக் கையுறையும் காலணியும் உண்டா? கிராணிமார்கள் பதிலைத் தேதியோடு எழுதி வைக்கட்டும்.

கூழ் வந்தால் வரவேற்போம். அதுவரை ஆறு காத்திராது, நாமும் காத்திரோம்!