‘சிடி19 பாசிட்டிவ்’ என்று எழுதினால் போதுமா?

2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மேரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், ஜீன் தெரபிக்கான வரியை அடியோடு நீக்கப் பரிந்துரைத்தது. நல்ல முடிவு. 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19, 2025 ஜனவரியில் வந்த குவார்டெமி என ஜீன் தெரபி வகையான கார்-டியில் இரண்டு இந்தியத் தயாரிப்புகள் இருக்கும்போது, திருநெல்வேலி டியூமர் போர்டுகளிலும் கார்-டி பேச்சு இனி அடிக்கடி வரும். எனவே இந்த இதழும் தன் நிலையைச் சொல்லியாக வேண்டும். மருந்தை அது வரவேற்கிறது. கார்-டி குறிவைக்கும் சிடி19 செல்லின் மேல் இருக்கிறதா என்ற ஒரே கேள்வியோடு எல்லாரும் நின்றுவிடுவதை அது ஏற்கவில்லை.

நெக்ஸ்கார்19-இன் முதலிரு கட்ட முடிவுகள் 2025-இல் லான்செட் ஹெமட்டாலஜியில் வெளிவந்தன. மதிப்பிட முடிந்த 51 பேரில் 73 சதவீதத்தினருக்குப் பலன். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் பெருமைப்பட வேண்டிய எண் அது. மிச்சம் 14 பேர். ஆன்டிஜன் இழப்பு, டி செல் சோர்வு ஆகிய காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. இவற்றில் அடங்காத செல்லும் உண்டு: சிடி19-ஐ மேலே வைத்துக்கொண்டே தப்பிக்கும் செல்.

செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நேதன் சிங் குழு 2022-இல் அதைக் காட்டியது. எஸ்பிபிஎல்3 நொதியை இழந்த செல்லில் சிடி19 மீது சர்க்கரைச் சங்கிலிகள் கூடிப்போகின்றன. கார்-டி செல்லுக்குப் பிடி கிடைப்பதில்லை. அதே ஆண்டு மிலான் நகரின் சான் ரஃபேலே குழு கணையப் புற்றுச் செல்களில் எம்கேட்5 மரபணுவை முடக்கியது. கிளை விட்ட என்-கிளைக்கான்கள் குறைந்தன, சினாப்ஸ் நன்றாக அமைந்தது, கொல்லும் திறன் ஏறியது. மருந்தாலும் இதைச் செய்ய முடியுமா என்று பார்க்க அவர்கள் எடுத்தது 2-டிஆக்ஸி-டி-குளுக்கோஸ்.

ஆம், நம்முடைய 2-டிஜி. டிஆர்டிஓவின் இன்மாஸ் ஆய்வகமும் டாக்டர் ரெட்டீஸும் சேர்ந்து உருவாக்கி, 2021 மே மாதம் கோவிட் அவசர அனுமதி பெற்ற அதே பொடி. அப்போது சாஷே 990 ரூபாய். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இன்மாஸ் மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சோடு சேர்த்து அதை நோயாளிகளிடம் சோதித்திருக்கிறது. அப்போது எல்லார் கண்ணும் கிளைக்காலிசிஸ் மேல்தான் இருந்தது. மேனோஸைப் போல நடித்து என்-கிளைக்கான் கட்டுமானத்தைக் கெடுக்கும் அதன் இன்னொரு வேலை பேசப்படவில்லை. கோவிட் என்றதும் முழுத் தரவும் வெளிவருமுன் கதவு திறந்தது. மனிதருக்குக் கொடுத்த அனுபவம் நாட்டிலேயே இருக்க, கார்-டியோடு இதைச் சேர்த்துப் பார்க்க அனுமதிக்கும் அதிகாரம் உள்ளவர்கள் அதே வேகத்தை ஏன் காட்டக் கூடாது?

இந்த இதழின் பழைய கவலை இங்கேதான் வந்து நிற்கிறது: மாதிரி.

சீவலப்பேரியில் ஒருவருக்கு லிம்ஃபோமா திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிற்றாறு தாமிரபரணியில் சேரும் அந்த ஊரிலிருந்து பாளையங்கோட்டை எட்டும் தூரம்தான். கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த துண்டு நேரே ஃபார்மலினில் விழுகிறது. பிறகு கேசட்டில் ஏறி, ஆல்கஹால் ஒவ்வொன்றாய்க் கடந்து, சைலீனில் நனைந்து, மெழுகில் உட்காருகிறது. புரதத்தில் ஒட்டிய சர்க்கரை மிஞ்சும். கிளைக்கோலிப்பிடில் பெரும்பகுதியை ஆல்கஹாலும் சைலீனும் கழுவிக்கொண்டு போய்விடும். 2015-இல் அமெரிக்க அனுமதி பெற்ற டைனுடக்சிமாப் குறிவைக்கும் ஜிடி2 அந்த வகைதான். நோய் ஏன் திரும்பியது என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பிளாக்கில் பாதி பதில் இருக்காது.

சியாலிக் அமிலம் சிக்லெக்-7 வழியாக என்கே செல்லை அடக்குவதை வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தினமும் எழுதித் தரும் சிஏ 19-9 டெஸ்டே சியாலில் லூயிஸ்-ஏ என்ற சர்க்கரையைத்தான் அளக்கிறது. ரத்தத்தில் உதிர்ந்ததை எண்ணுகிறோம்; செல்லின் மேல் இருப்பதைப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கான கருவி எட்டாததும் அல்ல. நிலக்கடலை லெக்டின், சியாலிக் அமிலம் மூடிய டி-ஆன்டிஜனைப் பிடிக்காது. பலாக்கொட்டையின் ஜாக்கலின், கேலக்டோஸ் முனை மூடியிருந்தாலும் பிடிக்கும். இரண்டின் கட்டமைப்பையும் 1990-களில் கண்டு சொன்னது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன் குழு. கடலையும் பலாவும் இங்கே விளைகின்றன, அறிவும் இங்கேயே விளைந்தது. சாயமேற்ற ஃப்ரெஷ் மாதிரிதான் இல்லை.

இதழாசிரியர் ஒரு மாவட்ட ஆய்வகத்தில் இருந்தபோது மைனஸ் 80 ஃப்ரீசர் கேட்டு மூன்று முறை எழுதினார். முதல் கடிதத்துக்கு நிதி இல்லை என்று பதில். இரண்டாவதற்கு, ஆராய்ச்சி மாவட்டத்தின் வேலை அல்ல என்று. மூன்றாவதற்குப் பதிலே வரவில்லை. அந்த ஆண்டுகளில் திரும்பி வந்த கட்டிகள் எல்லாம் மெழுகுக்குள்தான் இருக்கின்றன. நோயாளி தெற்கே, ஃப்ரீசர் மும்பையில் என்ற இந்த ஏற்பாட்டை யார் தீர்மானித்தார்கள்? கோடிக்கணக்கில் கட்டடம் எழுப்புகிறவர்கள் ஒரு ஃப்ரீசருக்கும் அதற்கான ஜெனரேட்டர் இணைப்புக்கும் மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறார்கள்?

கார்-டி அனுமதிகளோடு இனி ஒரு நிபந்தனை சேர வேண்டும். சிகிச்சைக்கு முன் ஒரு மாதிரி, நோய் திரும்பிய அன்று ஒரு மாதிரி. கட்டி என்றால் ஒரு துண்டு உடனடி உறைவுக்கு, மஜ்ஜை என்றால் 10 சதவீத டிஎம்எஸ்ஓவில் இரண்டு வயல். நோயாளியை அனுப்பிய மாவட்டத்திலேயே அவை உறைய வேண்டும். திரவ நைட்ரஜனுக்கு யார் பணம் கட்டுவது என்பதையும் அந்த உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும்.