இங்கிலீஷ் இலக்கணமும் சம்பளச் சீட்டும்

நமது புதுச்சேரியில் இங்கிலீஷ் இலக்கணப் பயிற்சி என்பது ஒரு புது சந்தியாவந்தனமாகிவிட்டது. முதலியார்பேட்டையில் ஒரு தொழிலாளி வீட்டுப் பையன், வேலை செய்தேன், செய்கிறேன், செய்வேன் என்பதை இங்கிலீஷில் பிழையின்றி ஒப்பித்தான். அப்பனுடைய சம்பளச் சீட்டைக் கொடுத்து, பிடித்தம் எதற்காக என்று கேட்டோம், விழித்தான். பையன்மேல் குற்றமில்லை. பாடத்தில் அந்த வார்த்தையே கிடையாதாம்!

1954 நவம்பர் 1-க்கு முன் இவ்வூரில் சர்க்கார் உத்தியோகத்துக்குப் பிரெஞ்சுதான் திறவுகோல். அதிகாரம் கைமாறியதும், பிரெஞ்சில் கரைகண்டவர்களும் இங்கிலீஷ் எழுத்துக் கூட்ட வேண்டியதாயிற்று. மகத்துவம் பாஷையில் இல்லை, உத்தியோகம் கொடுக்கிறவன் நாற்காலியில்தான் இருக்கிறது என்பதற்கு வேறென்ன ருஜு வேண்டும்?

அதற்காக இங்கிலீஷ் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வேதத்தைக் காதால் கேட்பதே பலருக்குப் பாவம் என்று எழுதிவைத்த நாட்டில், காசு கொடுத்தால் எவனும் படிக்கலாம் என்று வந்த பாஷை அது. (அந்தக் காசு யாரிடம் இருக்கிறது என்பது வேறு சங்கதி.) தாராளமாய்ப் படிக்கட்டும், அர்த்தம் தெரிந்து படிக்கட்டும் என்கிறோம்.

இதே ஊரில் 1936 ஜூலை 30-ல் 12 மில் தொழிலாளிகள் துப்பாக்கிக்கு இரையான பின்னரே எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று. அவர்கள் பேரப்பிள்ளைகள் வேலைநேரம், மிகைநேரக் கூலி, சங்கம் என்பவற்றுக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியாமலா வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது? வாத்தியார்கள் நாளைக்கே ஒரு சம்பளச் சீட்டைக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தட்டும். முக்காலத்தையும் அதிலேயே காட்டிவிடலாம்: பிடித்தார்கள், பிடிக்கிறார்கள், பிடிப்பார்கள்.