சீட்டில் பெயருள்ளவன்

மனிதன் இயற்கைக்குப் பகைவனா, காவலனா என்னும் வினா பட்டிமன்ற மேடைக்கு உகந்தது. எப்பக்கம் பேசினாலும் கைதட்டல் உறுதி. ஆயின் அவ்வினாவில் வரும் 'மனிதன்' யார் என்று எவரும் கேட்பதில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று நோக்கினால் அந்த ஒரு மனிதன் பலராகப் பிரிந்துவிடுகிறான்.

ஒல்லாந்தர் 1613-இல் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை அங்கே புதர் மண்டிக் கிடக்கிறது. கோட்டையின் பெயரைத் தாங்கிய கோட்டைக்குப்பமோ உயிரோடிருக்கிறது. அக்குப்பத்து மீனவரும் அண்டைக் குப்பத்தாரும் வழிவழியாகக் கைக்கொண்டது 'பாடு' என்னும் முறை. உழைப்பு, துன்பம் என்று நாம் பொருள்கொள்ளும் சொல்லுக்கு அங்கே பொருள் வேறு. இறால் மிகுதியாகக் கிடைக்கும் நீர்ப்பகுதிகளில் எவர், எந்நாளில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதே பாடு. இன்று ஒருவர் பாடு; நாளை மற்றொருவர் பாடு. வலுத்தவன் எல்லா நாளும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள இயலாது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1991-இல் இம்முறை பற்றித் தனி ஆய்வேடே வெளியிட்டது.

இதனை இயற்கை மீதுள்ள காதல் என்று நான் கூறமாட்டேன். அடுத்த முறையும் அதே நீரில் இறங்க வேண்டியவனின் கணக்கு இது. காதலைக் காட்டிலும் அக்கணக்கை நம்பலாம்.

திரும்பிவரத் தேவையில்லாதவனின் கணக்கு வேறு. 1990-களில் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாதென 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெற்கே எண்ணூரில் 2001-இல் துறைமுகம் செயற்படத் தொடங்கிற்று; பின்னர்க் காட்டுப்பள்ளியிலும் ஒன்று வந்தது. இக்கரையில் அலைகள் ஆண்டுதோறும் மணலை மிகுதியும் வடக்கு நோக்கியே கொண்டுசெல்கின்றன. அலைதடுப்புச் சுவர்கள் அம்மணலைத் தெற்கே தேக்கிவிட, வடபுறக் கரை அரிக்கப்படுகிறது. ஏரியின் முகத்துவாரமோ அடிக்கடி மணல் மூடித் தூர்கிறது. அவ்வழி அடைபட்டால் கடலில் பிறந்த இறாற்குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளர இயலாது. பிறகு சீட்டு விழுந்தும் பயன் என்ன?

ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்யினும் நீரை வீணாக்கலாகாது என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையை நம் பெரியோர் எடுத்துக்காட்டுவர். பஞ்சத்தில் மட்டுமன்றி, மிகுதியிலும் அளவு வேண்டும் என்பதன்றோ அதன் உட்கிடை? இறால் மிகுந்த நீரில் பாடு வகுத்ததும் அத்தகைய அளவே.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. பாடு பெறும் உரிமை மரபுவழியாகப் பட்டினவர் குலத்தாருக்கே உரியதாயிற்று. அதே ஏரியை நம்பி வாழும் பிற சமூகத்தார் வெளியே நின்றனர், பூசல்களும் எழுந்தன. மரபு என்பதற்காக இதனை நான் போற்ற இயலாது. தன் முறை திரும்பி வரும் என்பதால்தான் ஒருவன் ஏரியைக் காக்கிறான் என்றால், சீட்டில் பெயரே இல்லாதவனிடம் போய், நீயும் காத்துக் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது?