பிறந்த நாள் பூட்டாகுமா?

மதிப்பெண் பட்டியலைக் கணிப்பொறியில் பூட்டி வைக்கும் ஆசிரியர்களில் பலர், ஒரு காலத்தில் நானும்தான், பிறந்த தேதியையே கடவுச்சொல்லாக இடுகிறோம். இது பூட்டே அன்று என்பது என் கருத்து.

கணக்கிட்டுப் பாருங்கள். நூறு ஆண்டுகளில் 36,525 நாள்களே உள்ளன. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2010, கடவுச்சொல்லை 1,00,000 முறை திரும்பத் திரும்பக் கடைந்த பின்னரே திறவுகோலை உருவாக்குகிறது; ஊகிப்பவரைத் தாமதப்படுத்தவே இந்த ஏற்பாடு. ஆயினும் நொடிக்கு 100 ஊகங்கள் என்றால்கூட, ஏறக்குறைய ஆறு நிமிடங்களில் எல்லாத் தேதிகளும் தீர்ந்துவிடும்! அதன் 128 பிட் மறையாக்கம் மிக வலிமையானது. ஆனால் அதை உடைக்க வேண்டிய தேவையே இல்லையே.

மாறாக, 10,000 சொற்களைக் குலுக்கிப் போட்டு நான்கை எடுத்துக் கோத்தால், அதே வேகத்தில் 30 லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். மறந்துவிட்டால்? கோப்பு போனதுதான். நான் ஒரு தாளில் எழுதி வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்; அதில் வெட்கமில்லை.