புரோமிதியஸ்: ‘முட்டாள்’ விஞ்ஞானிகளும் அவர்களைப் பார்த்துச் சிரிப்போரும்

ரிட்லி ஸ்காட்டின் ‘புரோமிதியஸ்’ 2012இல் திரைக்கு வந்த நாள்முதல் அதன்மீது ஒரே தீர்ப்பு ஓயாமல் வாசிக்கப்படுகிறது: இப்படத்து விஞ்ஞானிகள் முட்டாள்கள், எந்த விஞ்ஞானியும் இப்படி நடந்துகொள்ள மாட்டார். அந்நிய உலகின் குகைக்குள் காற்று சுவாசிக்கத் தக்கது என்று தெரிந்ததும் தொல்லியலாளர் ஹாலோவே தலைக்கவசத்தைக் கழற்றுகிறார், ஏனையோரும் கழற்றுகின்றனர். குகையை அளந்து வரைபடமாக்கும் கருவிகளைப் பறக்கவிட்ட நிலவியலாளர் ஃபைஃபீல்டே அதற்குள் வழி தவறுகிறார். உயிரியலாளர் மில்பர்ன், படமெடுத்து நிற்கும் பாம்பையொத்த உயிரியிடம் செல்லம் கொஞ்சிக் கை நீட்டி மாள்கிறார். இவற்றை எடுத்துக்காட்டி நகைப்பது விண்வெளித் திகில் படங்களின் ரசிகர்களிடையே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பொதுப் பார்வையாளர் நகைப்பதில் வியப்பில்லை. நாளின் பெரும்பகுதியை ஆய்வகத்தில் கழிக்கும் ஆய்வு மாணவர்களும் பேராசிரியர்களும் அதே நகைப்பில் கலந்துகொள்வதுதான் கேள்விக்குரியது.

கார்ல் பி. ஷ்மிட் அமெரிக்காவின் தலைசிறந்த ஊர்வன ஆய்வாளர்களுள் ஒருவர். 1957 செப்டம்பரில் சிகாகோ உயிரியல் பூங்கா ஒன்றிலிருந்து, இனம் கண்டறிந்து சொல்லுமாறு, ஆப்பிரிக்கப் பாம்பொன்று அவரிடம் அனுப்பப்பட்டது. அதைக் கையில் பிடித்து ஆராயும்போது அது அவர் கட்டைவிரலைக் கடித்தது. பாம்பு சிறியது; பின்பற்களில் மட்டும் நஞ்சுடைய இனம்; ஒரு பல்தான் ஆழப் பதிந்திருந்தது. ஆகவே பெரிதாக ஒன்றும் நேராது என்று கணித்தார். தொடர்வண்டியில் வீடு திரும்பினார். குமட்டல், நடுக்கம், ஈறுகளில் குருதிக்கசிவு என ஒவ்வொன்றையும் நேரம் குறித்து எழுதிக்கொண்டார். மருத்துவரை நாடவில்லை. மறுநாட் காலை உணவையும் உண்டார். அன்று பிற்பகலிலேயே இறந்தார். கடித்தது பூம்ஸ்லாங். மில்பர்ன் செய்ததைவிட இது எவ்வகையில் அறிவார்ந்த செயல்? வேறுபாடு ஒன்றுண்டு: மில்பர்ன் அறியாத உயிரியைத் தொட்டார், ஷ்மிட், அவ்வினத்தை அறிந்தவர் என்று உலகமே ஒப்புக்கொண்ட மனிதர்.

லாஸ் அலமோஸில் லூயி ஸ்லோட்டின், புளுட்டோனியக் கோளத்தின்மேல் பெரிலியக் கவசம் முழுதும் மூடிக்கொள்ளாதபடி ஒரு திருப்புளியின் முனையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார். 1946 மே 21 அன்று அந்தத் திருப்புளி நழுவியது. ஒன்பது நாளில் அவர் மாண்டார். அதே கோளம் முந்தைய ஆண்டே ஹாரி டாக்லியன் என்ற இளம் இயற்பியலாளரைப் பலிகொண்டிருந்தது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இக்காட்சியைத் திரைக்கதையாசிரியர் ஒருவர் எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று ரசிகர்கள் கிழித்தெறிந்திருப்பார்கள்.

தலைக்கவசத்தைக் கழற்றும் காட்சிக்கு நேர்நிகரான வரலாறும் இருக்கிறது. நிலவிலிருந்து அறியா நுண்ணுயிரிகள் வந்துவிடலாம் என்ற அச்சத்தில் அப்பல்லோ 11 வீரர்களை 21 நாள் தனிமையில் வைக்க அமெரிக்கா ஏற்பாடு செய்தது. ஹூஸ்டனில் அதற்கெனவே ஓர் ஆய்வகம் எழுப்பப்பட்டது. ஆயின் 1969 ஜூலை 24 அன்று கலம் பசிபிக் பெருங்கடலில் இறங்கியதும் நடந்தது என்ன? அலைகளுக்கு நடுவே கதவு திறக்கப்பட்டது. காப்புடைகள் உள்ளே கொடுக்கப்பட்டன. வீரர்கள் அவற்றை அணிந்து மிதவைக்கு வந்தனர். கதவு திறந்த அக்கணத்திலேயே, காக்கவேண்டிய எல்லை கடந்தாயிற்று. தனிமை இல்லத்தின் தரை விரிசல் வழியே எறும்புகள் போய்வந்துகொண்டிருந்ததைப் பார்த்ததாகப் பின்னாளில் ஆல்ட்ரின் நகைச்சுவையாக நினைவுகூர்ந்தார். அங்கிருந்தோரில் யாரும் மூடரல்லர். பத்தாண்டு முடிவதற்குள் நிலவில் கால் வைப்போம் என்று 1961இல் ஒரு குடியரசுத் தலைவர் வாக்களித்திருந்தார். அந்தக் கெடுவுக்கு முன் நுண்ணுயிரியலாளரின் கவலை எத்தனை எடை பெறும்?

இங்குதான் ‘புரோமிதியஸ்’ மீதான வழக்கமான தீர்ப்பு தடம் புரள்கிறது. படத்தில் குறையில்லை என்பதல்ல வாதம். இறந்துகிடக்கும் அந்நியனைக் கண்டு அஞ்சி ஓடிய மில்பர்ன், சிறிது நேரத்தில் உயிரோடு சீறுவதைத் தடவிக்கொடுக்க முனைவது பாத்திர அமைப்பின் பிழையே. அதை எந்த வரலாற்றுச் சான்றும் காப்பாற்றாது. ஆயினும், விஞ்ஞானிகள் தவறு செய்வதாகக் காட்டியது பிழையன்று. அத்தவறுகளை விளைவித்த நெருக்கடியைத் தொட்டுவிட்டு விலகிப்போனதே பிழை. கலத்தில் ஏறியவர்களுக்குப் பயணத்தின் நோக்கம் உறக்கத்திலிருந்து எழுந்த பிறகே சொல்லப்படுகிறது. ஃபைஃபீல்டு கூலிக்காகவே வந்ததாகக் கூறுகிறார். முதலாளி வெய்லண்ட், தன் ஆயுளை நீட்டித்துக்கொள்ளும் ஆசையோடு அதே கலத்தில் ஒளிந்திருக்கிறார். இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு படம் படைப்பின் மூலத்தைப் பற்றிய தத்துவ விசாரத்துக்குத் தாவிவிடுகிறது.

இதே ஸ்காட் 1979இல் எடுத்த ‘ஏலியன்’ அப்படித் தாவவில்லை. அதிலும் கேன் திறந்த முட்டைக்கு மேல் குனிந்து பார்க்கிறார். அவரை முட்டாள் என்று எந்த ரசிகரும் ஏசுவதில்லை. காரணம் வெளிப்படை. பார்க்கரும் பிரெட்டும் படத்தின் தொடக்கத்திலேயே தங்கள் பங்குத்தொகை குறைவென்று முறையிடுகின்றனர். அறியாச் சமிக்ஞையை விசாரிக்காவிட்டால் பங்கு முழுவதும் பறிபோகும் என்று ஒப்பந்தத்தில் இருப்பதாக ஆஷ் நினைவூட்டுகிறார். தொற்றுத்தடை விதியைச் சொல்லி ரிப்ளி கதவைத் திறக்க மறுக்கிறார், ஆஷ் திறந்துவிடுகிறார். ஆஷ் யாருடைய ஆள் என்பது பின்னர் தெரிகிறது: உயிரியைக் கொண்டுவருவதே முதன்மை, பணியாளர் உயிர் பொருட்டல்ல என்பது நிறுவனத்தின் ஆணை. அப்படத்தில் பிழைக்கு ஒரு முகவரி இருக்கிறது. ‘ஏலியன்’ மாந்தர்கள் புத்திசாலிகள், ‘புரோமிதியஸ்’ மாந்தர்கள் மூடர்கள் என்ற ஒப்பீடு இதைக் காணத் தவறுகிறது.

இது திரைப்பட ரசனை பற்றிய சிறு பூசல் மட்டுமாயின் விட்டுவிடலாம். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில், காற்றுப்பட்டாலே தீப்பற்றும் வேதிப்பொருளைக் கையாண்ட 23 வயது ஆய்வு உதவியாளர் தீக்காயமுற்று, பதினெட்டாம் நாள் இறந்தார். அவர் ஏன் மேலங்கி அணியவில்லை என்பதே இன்றுவரை அந்நிகழ்வைக் கேட்போர் எழுப்பும் முதற்கேள்வி. கலிஃபோர்னியாவின் தொழிற்பாதுகாப்புத் துறையோ, பயிற்சி தராமை உள்ளிட்ட மீறல்களுக்காகப் பல்கலைக்கழகத்துக்கே அபராதம் விதித்தது. மில்பர்னைப் பார்த்துச் சிரிக்கும் மனமும் அந்த மேலங்கியைப் பற்றி முதலில் கேட்கும் மனமும் ஒன்றே.

தில்லிக்கு வந்தாலும் கதை மாறவில்லை. நெடுங்காலம் பயன்படாதிருந்த கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவியைத் தில்லிப் பல்கலைக்கழகம் 2010இல் பழைய பொருளாக ஏலம் விட்டது. மாயாபுரிச் சந்தையில் அதைப் பிரித்தனர். பலர் கதிர்வீச்சுக்கு ஆளாகினர். பழைய இரும்புக் கடைத் தொழிலாளி ஒருவர் இறந்தார். முனைவர் பட்டம் பெற்றோர் நிறைந்த நிறுவனத்தில் இது நேர்ந்தது. ஒருவருடைய மூடத்தனம் என்று இதை முடித்துவிட்டால், கோப்பில் கையெழுத்திட்ட மேசைகள் அனைத்தும் தப்பித்துக்கொள்ளும்.

‘புரோமிதியஸ்’ படத்தில் ரசிகர்கள் நம்ப மறுக்கும் இன்னொரு காட்சி, கலத்திலுள்ள தானியங்கி அறுவைப் பெட்டி. தன் வயிற்றில் வளரும் அந்நிய உயிரை அகற்ற ஷா அதனிடம் ஓடுகிறார். அது ஆண் நோயாளிகளுக்கு மட்டுமே அமைக்கப்பட்டது என்கிறது. 2093ஆம் ஆண்டில், பெண்களும் பயணிக்கும் கலத்தில் இப்படியொரு கருவியா என்று கேட்கிறார்கள். அது யாருக்காக அங்கு வைக்கப்பட்டது என்பது வெய்லண்ட் வெளிப்படும்போது விளங்கிவிடுகிறது. 2019 மார்ச்சில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து பெண்கள் இருவர் மட்டுமே மேற்கொள்ளவிருந்த முதல் விண்நடையின் குழு கடைசி நேரத்தில் மாற்றப்பட்டது. இருவருக்கும் நடுத்தர அளவு உடையின் மேற்பகுதி தேவைப்பட்டது. அணியத் தக்க நிலையில் ஒன்றுதான் இருந்தது. அந்த நடை அக்டோபரில்தான் நிகழ்ந்தது.