தலையிடிக்குக் குளிசை மட்டும்தானா?

எமது கிளைக் கூட்டங்களில் சம்பளம் பற்றிப் பேசுகிறோம், நிறுவை பற்றிச் சண்டை பிடிக்கிறோம். தலையிடி பற்றி எவரும் எழும்பிக் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து வாசலுக்கு வந்த பிறகுதான் "பனடோல் இருக்கா?" என்ற கேள்வி வருகிறது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களிலிருந்து ஹிங்குராணைப் பக்கத்துக் கரும்புக்கும், தென்னந்தோட்டங்களுக்கும், போகம் வந்தால் வயலுக்கும் போகிறவர்களின் சேர்ட் பையில் அந்தக் குளிசை மட்டை இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களின் முந்தானை முடிச்சிலும் இருக்கிறது. அதனால் இம்முறை அதைப் பற்றியே எழுதுகிறோம்.

தலையைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியது போல, இரண்டு பக்கமும் அமுக்கி, பிடரியிலிருந்து நெற்றிப்பொட்டு வரை வலிக்கும் தலையிடிதான் எம்மவரிடம் அதிகம். உலகத்திலும் அதிகம் காணப்படுவது இதுதான். இதில் வாந்தி வராது. நடந்தால் கூடாது. அரை மணித்தியாலத்தில் போகலாம், ஒரு கிழமை கிடந்தும் படுத்தலாம். ஒரு பக்கம் மட்டும் துடித்து, குமட்டி, வெளிச்சம் கண்ணில் குத்தினால் அது ஒற்றைத் தலைவலி. அதற்கு வேறு மருந்து உண்டு, வைத்தியரிடம் கேளுங்கள்.

வளர்ந்த ஒருவரின் தலை நான்கு, ஐந்து கிலோ இருக்கும். நிமிர்ந்து நின்றால் முள்ளந்தண்டு அதைத் தாங்கும். குனிந்தால் பிடரித் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். கரும்பை அடியோடு வெட்டக் குனிகிறோம், நுனி வெட்ட நிமிர்கிறோம், கத்தி வீசுவது எப்போதும் ஒரே தோள். மலையகத்துச் சகோதரிகள் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி நாள் முழுவதும் நிற்கிறார்கள். மருதமுனைத் தறியிலும் தையல் மெஷினிலும் குனிந்திருக்கும் எமது வீட்டுப் பெண்களுக்கும் இதே பிடரிதான். இத்தோடு தண்ணீர் குடிக்காத காலை, சாப்பிடாத பகல், கடன்காரன் வருவானோ என்று தூங்காத இரவு. யோசனையில் இருக்கிறவர் தன்னை அறியாமல் தோளை உயர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பார். அதுவும் தலையிடியாகத்தான் வந்து முடியும்.

செய்யக்கூடியது சிறியது, காசும் செலவில்லை. வேலைக்கு இடையில் நிழலில் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு தோளையும் காதுவரை உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, பொத்தென்று விடுங்கள். ஐந்து தரம் செய்யலாம். பிறகு குனியாமல் நாடியை நேரே பின்னுக்கு இழுங்கள். பிடரி நீளுவது தெரியும். அடுத்து வலது காதை வலது தோள் பக்கம் மெதுவாகச் சாய்த்து இருபது எண்ணுங்கள், பின் இடது பக்கம். கையை முதுகுக்குப் பின்னால் கோர்த்து நெஞ்சை விரியுங்கள். கடைசியாக, பல்லைச் சேர்க்காமல், வயிறு உப்ப மூச்சை இழுத்து, இழுத்ததை விட மெதுவாக விடுங்கள். எல்லாம் ஐந்து நிமிடம்தான். ஒரு நாள் செய்து பலனில்லை என்று விட வேண்டாம். தசை பழகச் சில கிழமைகள் ஆகும். இரவில் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துவாயைப் பிடரியில் போடுவது நல்லது. உயர்ந்த தலையணை வேண்டாம். சலூனில் கழுத்தைத் திருகி 'கடக்' என்று நெட்டி எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதத்தில் முடிந்தவர்கள் உண்டு.

நோன்பின் முதல் நாட்களில் வரும் தலையிடி பலருக்குத் தெரிந்தது. அதில் பாதி தாகம், மீதி தேத்தண்ணி. ஒரு நாளைக்கு ஐந்தாறு கோப்பை குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் தலை கேட்கும். நோன்புக்கு ஒரு கிழமை முன்பிருந்தே ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்து வாருங்கள்.

இனிக் குளிசை. வளர்ந்தவர் ஒருவர் 500 மில்லிகிராம் பனடோலை ஒரு தடவைக்கு இரண்டும், நாளைக்கு எட்டுக்கு மேற்படாமலும் எடுக்கலாம். ஈரல் வருத்தம் உள்ளவர் அதையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆனால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மாதக்கணக்காகக் குளிசை போட்டால், அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரும். போட்டால் குறையும், இறங்கினால் இடிக்கும், மறுபடி போடுவோம். பாமசிக்காரர் இதைச் சொல்லமாட்டார். கலண்டரில் குளிசை போட்ட நாளுக்குப் புள்ளி வையுங்கள். மாத முடிவில் எண்ணிப் பார்த்து, கூடுதலாக இருந்தால் அந்தக் கலண்டரையே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

சில தலையிடிக்கு வீட்டில் இருக்கவே கூடாது. இதுவரை கண்டிராத அளவில் திடீரென்று வெடித்தது போல் வந்தால், கை கால் இழுத்தால், பேச்சுக் குழறினால், கழுத்து விறைத்தால், விழுந்து அடிபட்ட பின் வந்தால் உடனே போக வேண்டும். வயலில் நின்றவருக்குக் காய்ச்சலும் தசைவலியும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டெங்குவாகவும் இருக்கலாம், அப்போது அஸ்பிரினோ புருபனோ தொட வேண்டாம். மருந்து விசிறியவருக்குத் தலையிடியோடு வியர்வை, வாந்தி, எச்சில் வடிதல் என்றால் அது நஞ்சு. வெயிலில் நின்றவர் உளறினால் சூடு மூளைக்கு ஏறிவிட்டது. நிழலில் கிடத்தி உடம்பை நனைத்துக்கொண்டே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

இவ்வளவும் தொழிலாளி தானே செய்துகொள்ள வேண்டியவை. ஆனால் தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீர் குடி என்று சொல்வது கேலி. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆலைக்குள் நிற்பவருக்குக் குடிநீர் கொடு என்கிறது. அந்த ஆலைக்குப் போகும் கரும்பை வெயிலில் வெட்டுகிறவரை அது தொடுவதில்லை. பாதுகாப்பான, சுகாதாரமான வேலையிடத்தை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொழில் அமைப்பு 2022 ஜூனில் சேர்த்துவிட்டது. வெட்டும் இடத்துக்கே குடிநீர், ஒதுங்க ஒரு கூரை, காலையிலும் பிற்பகலிலும் கூலி வெட்டாத பத்து நிமிட ஓய்வு: நிர்வாகத்துடனான அடுத்த பேச்சில் கிளைச் செயலாளர்கள் இந்த மூன்றையும் எழுத்தில் வைக்க வேண்டும். பெண் அங்கத்தவர்கள் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். குடத்தையும் பிள்ளையையும் தூக்கி, வேலையும் முடித்து வருகிற பிடரிக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும்.