செடி அறைக்கு ஏ.சி.யா? வாட்ஸைக் கூட்டுங்கள்!

கேபினட்டின் அளவைப் பார்த்து யாராவது கம்ப்யூட்டர் வாங்குவார்களா? ஆனால் வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் கீரை, ஸ்ட்ராபெர்ரி வளர்க்க நினைப்பவர்கள் பலர், அறையின் சதுர அடியை மட்டும் சொல்லி ஸ்பிளிட் ஏ.சி. வாங்குகிறார்கள். இது சரியல்ல என்பது என் கருத்து.

எல்.இ.டி. விளக்கு இழுக்கும் மின்சாரமும் கடைசியில் ஏறக்குறைய முழுவதும் அறைக்குள் வெப்பமாகத்தான் மாறுகிறது. ஒரு வாட் என்பது மணிக்கு 3.41 பி.டி.யு. விளக்குகள் 1,000 வாட், ஃபேனும் பம்பும் 200 வாட் என்றால் சுமார் 4,100 பி.டி.யு. ஒரு டன் ஏ.சி.யின் திறனே 12,000 பி.டி.யு.தான், மூன்றில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். சுவர், கூரை வழியே வரும் வெயில் சூடு தனிக் கணக்கு. எக்ஸெல்லில் பட்டியல் போட்டால் ஐந்து நிமிட வேலை.

அதற்காக ஒரேயடியாக இரண்டு டன்னுக்குத் தாவாதீர்கள். தேவைக்கு மிஞ்சிய ஏ.சி. சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். செடிகள் வெளியிடும் ஈரம் காற்றிலேயே தங்கி, இலையில் பூஞ்சை பிடிக்கும். வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடும் இன்வெர்ட்டர் ஏ.சி.யே மேல். விளக்கை அணைத்தபின் ஏ.சி.க்கு வேலை குறைந்து ஈரம் ஏறும். எனவே ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையருக்கும் பட்ஜெட்டில் இடம் வையுங்கள்.

கடைக்காரர் சதுர அடி கேட்டால், வாட்ஸையும் சேர்த்தே சொல்லுங்கள்.